வாசகர் கேள்வி: ரைஃபிள் குழலின் 16 அங்குலத்தை எங்கிருந்து அளப்பது?

கேள்வி: நான் டெக்சஸ் மாநிலத்தில் நிரந்தர வசிப்புரிமை பெற்று வாழ்கிறேன். குறிசுடும் பயிற்சிக்காக ஏஆர்-15 வகை ரைஃபிள் ஒன்றை வாங்க நினைக்கிறேன். அதன் குழல் 14.5 அங்குலம். முனையில் ஒரு ஃபிளாஷ் ஹைடரை (சுடும்போது எழும் தீச்சுடரைக் குறைக்கும் சாதனம்) திருகிவிட்டால் 16 அங்குலம் ஆகிவிடும், சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்கிறார் ஒரு நண்பர். அவர் சொல்வது சரிதானா?

பதில்: திருகிவிட்டால் மட்டும் போதாது, உங்கள் நண்பர் விட்டுவிட்ட இடம் அதுதான். அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு தேசிய துப்பாக்கிச் சட்டத்தின்படி, குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, உருமாற்றிய ரைஃபிளின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அது பதிவு செய்ய வேண்டிய 'குறுங்குழல் ரைஃபிள்' ஆகிவிடுகிறது. பதிவில்லாமல் அதை வைத்திருப்பது பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம்.

இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் குழலை அளக்கும் முறை எளிமையானது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, போல்ட்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) மூடிய நிலையில், முனை வழியாக ஒரு மெல்லிய குச்சியை போல்ட்டின் முகப்பில் இடிக்கும் வரை நுழைத்து, குழல் முடியும் இடத்தில் குறியிட்டு, வெளியே எடுத்து அளப்பார்கள். தோட்டா அமரும் அறையும் இந்த அளவுக்குள் அடங்கும். முனையிலுள்ள சாதனம் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் அதன் நுனி வரை அளப்பார்கள். ஸ்பேனர் கொண்டு கழற்றக்கூடியதாக இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

நிரந்தரம் என்பதற்கு அவர்கள் ஏற்கும் வழிகள் மூன்று. சாதனத்தையும் குழலையும் முழுமையாக உருகி இணையும்படி வெல்டிங் செய்யலாம். 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்றாசு கொண்டு இணைக்கலாம். அல்லது சாதனத்தின் பக்கவாட்டில் துளையிட்டு, 'பின்' எனப்படும் சிறு உலோக ஊசி ஒன்றை இறக்கி, அதன் தலையை வெல்டிங்கால் மூடிவிடலாம். கடைகளில் 'பின் அண்ட் வெல்ட்' என்று கேட்டால் கிடைப்பது மூன்றாவது வழிதான். மரைப் பசை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் இந்த வரிசையில் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதனத்தின் ஒரு பகுதி குழலின் மரையின் மேல் ஏறி அமர்வதால், ஒன்றரை அங்குலச் சாதனம் ஒன்றரை அங்குலத்தை முழுமையாகக் கூட்டித் தராது. 14.5 அங்குலக் குழலுக்கென்றே நீளமான சாதனங்கள் விற்கப்படுவது இதனால்தான். சரியாக 16 அங்குலம் சட்டத்துக்குப் போதுமானதே என்றாலும், சிறிதளவு கூடுதலாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றே வலியுறுத்துவேன்.

பலரும் சறுக்குவது வேலையின் வரிசையில்தான். வெல்டிங் முடியும் முன்பே குறுங்குழலை ரைஃபிளின் உடற்பகுதியில் பூட்டிவிட்டால், அந்தக் கணமே பதிவில்லாத குறுங்குழல் ரைஃபிளை உருவாக்கியவர் ஆகிவிடுவீர்கள். அடுத்த வாரம் வெல்டிங் செய்ய எண்ணியிருந்தேன் என்பது அதற்கு விடையாகாது. ஆகவே குழலைத் தனியாகக் கொடுத்து வேலையை முடித்து, குச்சியால் அளந்த பிறகே பூட்டுங்கள். பின்னாளில் சாதனத்தை மாற்ற விரும்பினாலும் முதலில் குழலைப் பிரித்தெடுக்க வேண்டும்.

கேள்வி: கைத்துப்பாக்கியைத் தாராளமாக வாங்க முடிகிற நாட்டில், ரைஃபிளின் நீளத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

பதில்: 1934ஆம் ஆண்டின் மசோதா தொடக்கத்தில் கைத்துப்பாக்கிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. நீண்ட துப்பாக்கியை அறுத்துக் குறுக்கி அந்தக் கட்டுப்பாட்டை ஏய்த்துவிடக் கூடாது என்பதற்காகவே குழல் நீளத்துக்கும் எல்லை வகுத்தார்கள். எதிர்ப்பின் காரணமாகக் கைத்துப்பாக்கிகள் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுக்குக் காவலாக எழுதிய விதி மட்டும் தங்கிவிட்டது. காக்க வேண்டியது போன பிறகும் காவல் நிற்பது சட்டத்தின் குறைபாடு என்றே கருதுகிறேன். ரைஃபிள்களுக்கான பொது எல்லை 1960இல் 18 அங்குலத்திலிருந்து 16 ஆனது. ஷாட்கன்களுக்கு இன்றும் 18தான்.

கேள்வி: குறுங்குழல் ரைஃபிளுக்கான 200 டாலர் வரி நீக்கப்பட்டுவிட்டதாமே? இனி வெல்டிங் எதற்கு?

பதில்: 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் குறுங்குழல் ரைஃபிள்களுக்கான வரி பூஜ்யம் ஆனது உண்மை. ஆனால் விண்ணப்பம், கைரேகை, முன் அனுமதி ஆகியவை சட்டத்தில் அப்படியே இருக்கின்றன. பதிவு செய்த குறுங்குழல் ரைஃபிளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல ஏடிஎஃப்பின் முன் அனுமதி பெற வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் பொதுமக்கள் அதை வைத்திருப்பதையே தடுக்கின்றன. முறையாக வெல்டிங் செய்து 16 அங்குலத்தை எட்டிய ரைஃபிளுக்கு இந்தக் கூட்டாட்சிப் பதிவும் பயண அனுமதியும் தேவையில்லை. அந்தந்த மாநிலத்தின் பிற துப்பாக்கி விதிகளுக்கு மட்டும் அது உட்பட்டிருந்தால் போதும்.