ஆண்டுக்கு முப்பது மணி நேர வேலைக்கு எந்த ஸ்லாஷர்?

கேள்வி: வணக்கம் ஐயா. விருகம்பாக்கத்தில் வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, ஊத்துக்கோட்டைக்கு அருகில் உள்ள 9 ஏக்கர் மாந்தோப்பை நானே கவனித்து வருகிறேன். பங்கனப்பள்ளியும் செந்தூராவுமாக 12 வயது மரங்கள். 39 எச்.பி. பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. இதுவரை ஆண்டுக்கு இரண்டு முறை, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டிக் களையை அழித்து வந்தோம். இந்த ஆண்டு இடுப்பளவு புல் எழுந்துவிட்டதால், டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷர் வாங்கலாம் என்று அம்பத்தூர் பக்கம் இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒன்று 5 அடி அகலம், 210 கிலோ எடை. மற்றொன்று 6 அடி, 430 கிலோ. விலை ஏறக்குறைய இரு மடங்கு. இலேசானது இரண்டே வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், கனமானது ஆயுளுக்கும் உழைக்கும் என்கிறார் இரண்டாவது கடைக்காரர். வரப்போரம் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கிறது. பணத்தை வீணாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: ஆயுளுக்கும் உழைக்கும் என்ற சொல்லைக் கேட்டதும், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கப் போகிறது என்று அந்தக் கடைக்காரரை நீங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். 5 அடி ஸ்லாஷர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், திருப்பங்களையும் மரத்தைச் சுற்றி ஒதுங்குவதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மணிக்கு ஒரு ஏக்கர் முடியும். 9 ஏக்கருக்குப் பத்து மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று வெட்டு என்றால் முப்பது மணி நேரம். மீதி நாள் முழுவதும் அது கொட்டகையில்தான் கிடக்கும். வாடகைக்கு ஊர் ஊராக ஓட்டுபவருக்கும், சாலையோரப் புதர் வெட்டும் ஒப்பந்தக்காரருக்கும் 430 கிலோ இயந்திரம் தேவை. உங்களுக்கு அது தேவையில்லை என்பதோடு, உங்கள் டிராக்டருக்கு அது ஆகவும் ஆகாது.

ஆகாது என்று சொல்வதற்குக் காரணம் எச்.பி. அல்ல. 39 எச்.பி. என்ஜினிலிருந்து, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டின் முனையில் சுமார் 33 எச்.பி. கிடைக்கும், அடிக்கு 5 எச்.பி. என்ற பொதுக் கணக்கில் 6 அடி இயந்திரமும் ஓடிவிடும். சிக்கல் எடையில் இருக்கிறது. இந்த ரக டிராக்டர் சுமார் 1,900 கிலோ இருக்கும். அதில் முன் அச்சின் மேல் நிற்பது 700 கிலோ அளவுதான். ஸ்லாஷரின் எடை மையம் பின் அச்சுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் பின்னால் விழுவதால், 430 கிலோவைத் தூக்கும்போது முன் அச்சிலிருந்து 450 கிலோ அளவுக்குக் குறைந்து, 250 கிலோதான் மிஞ்சும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 380 கிலோவாவது, முன் சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். வெட்டும்போது பின்னால் உள்ள சிறு சக்கரம் எடையைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் வரப்பைத் தாண்டவும், வரிசைக் கடைசியில் திரும்பவும், சாலையில் கொண்டுபோகவும் தூக்கித்தானே ஆக வேண்டும்? முன்பக்கம் எடைக்கட்டி மாட்டிச் சமாளிக்கலாம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துச் சொல்லும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர் சொல்லக்கூடிய ஒரு வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: 5 அடி வெட்டு உங்கள் பின் டயர்களின் வெளி விளிம்பு வரை எட்டாது, இருபுறமும் இரண்டு மூன்று விரல் விட்டுப்போகும். அடுத்த சாலில் சற்று நெருக்கி ஓட்டினால் அது தீர்ந்துவிடும்.

அதற்காக 210 கிலோ இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் வேண்டாம். மேல்தகடு 3 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்று தட்டிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. நான் பார்த்த வரையில், தகடு முதலில் போய்ச் செத்த ஸ்லாஷர் அபூர்வம். கியர்பாக்ஸ் எத்தனை எச்.பி.க்கு உரியது என்று கேளுங்கள். 50 எச்.பி.க்குக் குறையாமல் இருக்கட்டும். கீழே குனிந்து பாருங்கள்: பிளேடுகள் நேராகத் தண்டில் முடுக்கப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், கிண்ணம் போன்ற வட்டத் தட்டில் தொங்கி, கல்லில் பட்டால் பின்னால் மடங்கும்படி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை இருக்க வேண்டும். பிடிஓவின் 540 சுற்றை கியர்பாக்ஸ் சுமார் 1,000 சுற்றாக உயர்த்துகிறது. 5 அடி விட்டத்தில் பிளேடின் நுனி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் தெறிக்கும் ஜல்லிக்கு முன்னால் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷரை விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். இவையெல்லாம் பொருந்தி, 5 அடி அகலத்தில் 300 கிலோவைத் தாண்டாத நடுத்தர இயந்திரம் ஒன்றைத் தேடுங்கள். இரண்டு கடையோடு நிறுத்தியதுதான் உங்கள் தவறு.

இலேசான இயந்திரம் இரண்டு வருடத்தில் போய்விடும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். மதுராந்தகம் பக்கம் ஒரு தோப்பில், கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று என்னை அழைத்தார்கள். இயந்திரத்தைக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் பார்த்தால், வட்டத் தட்டுக்கு மேலே தண்டைச் சுற்றி சொட்டுநீர்க் குழாயும் மஞ்சள் நைலான் கயிறும் இறுகி, ஒரு கைப்பிடி அளவுக்குச் சாணி உருண்டை போலத் திரண்டிருந்தன. கத்தியால் அறுத்து எடுத்தபோது எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு கிழிந்து தொங்கியது. எண்ணெய் எப்போதோ ஒழுகித் தீர்ந்திருந்தது. சில நூறு ரூபாய் சீலைக் கவனிக்காததால் கியர்பாக்ஸே போயிற்று. 430 கிலோ இயந்திரத்திலும் அதே இடத்தில் அதே ரப்பர் சீல்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். மறுநாள் காலை அதில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் சீலைப் பாருங்கள். ஷியர் போல்ட் (பிளேடு எதிலாவது மோதினால் கியர்பாக்ஸைக் காக்கத் தான் அறுபடும் போல்ட்) அறுந்தால் கையேட்டில் சொன்ன தரத்தையே மாட்டுங்கள்; அடிக்கடி அறுகிறதே என்று கெட்டி போல்ட்டை மாட்டித் தரும் மெக்கானிக், அடுத்த முறை கியர்பாக்ஸை அறுக்க வழி செய்கிறார்.

இனி, நீங்கள் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். 12 வயது மாந்தோப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை ரோட்டவேட்டரா? இடுப்பளவு புல்லை விட எனக்குக் கவலை தருவது அதுதான். மரத்துக்குச் சோறூட்டும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. அதை ஆண்டுக்கு இருமுறை அரைத்துவிட்டு, பிஞ்சு உதிர்கிறதே என்று மருந்துக் கடையில் போய் நிற்கிறோம். கோரை இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ரோட்டவேட்டர் கிழங்குச் சரத்தைத் துண்டு துண்டாக அறுத்துத் தோப்பு முழுவதும் நட்டுத் தருகிறது. கூலி கொடுத்துக் கோரை பயிரிடுகிறீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டியதில் கீழே மண் இறுகிப்போய், வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது.

ஸ்லாஷர் வாங்கிய பிறகும் இந்தப் பழக்கம் வேறு உருவத்தில் தொடரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். நம் ஊரில் தோப்பு சுத்தமாக இருப்பது என்றால் தரை மொட்டையாக இருப்பது என்று ஒரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பதற்காக, ஓட்டுநர் இயந்திரத்தைத் தரையோடு ஒட்டி இறக்குவார். அப்போதுதான் பிளேடு கல்லைத் தேடிப்போய் அடிக்கிறது, போல்ட் அறுகிறது, மண் பறக்கிறது. 5 முதல் 6 அங்குல உயரத்தில் பின் சக்கரத்தையும் பக்கச் சறுக்குகளையும் அமைத்துப் பூட்டிவிடுங்கள்; ஓட்டுநர் கெஞ்சினாலும் இறக்காதீர்கள். அந்த உயரத்தில் வெட்டினால் புல்லின் வேர் மண்ணைப் பிடித்தபடி இருக்கும், டீசலும் குறையும், இலேசான இயந்திரமே நீங்கள் நினைத்ததைவிட நெடுங்காலம் வரும். புல் பூத்து விதை முற்றும் முன் வெட்டுங்கள். கடைசி வெட்டு, மழை ஓய்ந்து மரம் பூக்கத் தொடங்கும் முன், டிசம்பர் பிற்பகுதியில் அமையட்டும். காற்றோட்டம் கிடைப்பதால் தத்துப்பூச்சித் தொல்லையும் ஓரளவு குறையும். வெட்டிய புல்லை அள்ளாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். ஏப்ரல் மே வெயிலில், காய் மரத்தில் இருக்கும்போது, அந்தச் செம்மண்ணுக்கு அதுதான் போர்வை. அடிமரத்திலிருந்து ஒரு முழம் மட்டும் தள்ளி விடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும். அந்த ஒரு முழத்துப் புல்லுக்கு அரிவாளும் ஓர் ஆளும் போதும்; ஸ்லாஷரை அடிமரத்தருகே நுழைத்துப் பட்டையைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

சீமைக்கருவேலத்துக்கு இரண்டு இயந்திரமும் உதவாது. கனமானது அதை வெட்டும் என்று விற்பவர் காட்டுவார், வெட்டவும் வெட்டும். ஆனால் சாய்வாகச் சீவிய கட்டை ஈட்டிபோல நின்று, அடுத்த வெட்டுக்கு வரும்போது டயரைக் குத்தும். அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அதிகக் கிளையோடு துளிர்க்கவும் செய்யும். மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் என்ற அளவில், உச்சவரம்புக்கு உட்பட்டு உதவி உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் மானியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக உங்கள் டிராக்டர் தூக்க முடியாததை வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி: உங்கள் டிராக்டரில் கிளட்ச் ஒற்றையா, இரட்டையா? பழைய வண்டி என்கிறீர்கள். சக்கரத்துக்கும் பிடிஓவுக்கும் சேர்த்து ஒற்றைக் கிளட்ச் என்றால், பெடலை மிதித்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் பிளேடுகளின் வேகம் பிடிஓ வழியாகப் பின்னோக்கி வந்து வண்டியை முன்னால் தள்ளும். மரத்துக்கு இரண்டடி முன்னால் நிறுத்த நினைத்தவர் மரத்தில் போய்த்தான் நிற்பார். பிளேடு எவ்வளவு கனமோ அவ்வளவு தள்ளும். அப்படிப்பட்ட வண்டிக்கு பிடிஓ முனையில், பிளேடின் வேகத்தைப் பின்னோக்கி வரவிடாத ஓவர்-ரன்னிங் கிளட்ச் என்ற சிறு இணைப்பை மாட்டாமல் எந்த ஸ்லாஷரையும் ஓட்டக் கூடாது. அது மாட்டினால், பிடிஓவையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஷாஃப்ட்டின் நீளத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் கிளட்ச் விவரத்தையும், பிடிஓ முனையிலிருந்து கீழ் இணைப்புக் கைகளின் நுனி வரை உள்ள அளவையும் எடுத்து எனக்கு எழுதுங்கள்.