பேக்கப் கெடவில்லை, சர்வர்தான் பழசு

வணக்கம். பழைய கம்ப்யூட்டரில் எடுத்த பில்லிங் பேக்கப்பை வேறொன்றில் ரெஸ்டோர் செய்தால் 3169 பிழை வருகிறது, கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பிழைக்கு அர்த்தம் அதுவல்ல. செய்தியிலேயே இரண்டு பதிப்பு எண்கள் இருக்கின்றன பாருங்கள். பேக்கப் 15.00, அதாவது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 2019 பதிப்பு. உங்களிடம் இருப்பது 14.00, அது 2017. கம்ப்யூட்டர் எதுவானாலும், புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பு ஏற்காது. கம்பாட்டிபிலிட்டி லெவலை (டேட்டாபேஸ் பழைய பதிப்பு போல நடந்துகொள்ளச் செய்யும் அமைப்பு) குறைத்துவிட்டு மறுபடி பேக்கப் எடுத்தாலும் இதே கதைதான், யார் சொன்னாலும் அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

அதனால் இந்தக் கம்ப்யூட்டரிலும் 2019-ஐ நிறுவுங்கள். அதன் எக்ஸ்பிரஸ் வகை இலவசம். டேட்டாபேஸ் 10 ஜிபிக்குள் இருந்தால் போதும். 2017-ஐ நீக்க வேண்டாம், வேறு இன்ஸ்டன்ஸ் பெயரில், அதாவது தனியாக ஓடும் இன்னொரு சர்வராக, பக்கத்திலேயே நிறுவலாம். அதற்கு முன் பேக்கப் கோப்பை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்து இணைத்தால் பிழை 26 என்கிறீர்களே, அது தனிப் பிரச்சினை, சர்வரையோ இன்ஸ்டன்ஸையோ கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். சர்வரில், இன்ஸ்டன்ஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் சர்வீஸ் ஓட வேண்டும், அதற்கான யூடிபி 1434 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸில், நெட்வொர்க் வழியாக இணைக்க உதவும் டிசிபி ஐபி வழக்கமாக அணைந்தே இருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, நிலையான போர்ட் ஒன்று கொடுத்து, அதையும் ஃபயர்வாலில் திறந்து, எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம், சர்வருக்குள் நுழைவதற்கான லாகின்கள் சர்வரின் சொந்த மாஸ்டர் டேட்டாபேஸில் இருப்பவை, இந்தப் பேக்கப்போடு வராது. பில்லிங் மென்பொருளின் லாகினைப் புதிதாக உருவாக்கி, பில்லிங் டேட்டாபேஸுக்கு உள்ளே இருக்கும் யூசரோடு இணைக்க வேண்டியிருக்கும்.