மரக்கன்று நட்டு முடிகிற கதைகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் காடழிவு பற்றி ஒரு கதை சொன்னேன். மரங்களை வெட்டுகிறார்கள், தாய் யானை இறந்துபோகிறது, குட்டி தனியாக நிற்கிறது. ஒரு குழந்தை அழுதுவிட்டாள். ஒரு பையன், “அப்போ எல்லா மிருகமும் செத்துப்போயிடுமா மிஸ்?” என்று கேட்டான். பதறிப்போய், ஊர்க் குழந்தைகள் மரக்கன்று நட்டார்கள், யானைகள் திரும்பி வந்தன என்று முடித்துவிட்டேன். வகுப்பு சமாதானமாகிவிட்டது. எனக்குத்தான் பிள்ளைகளை ஏமாற்றிவிட்டதுபோல உறுத்துகிறது. இந்த வயதில் உண்மையை எவ்வளவு சொல்லலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் குழந்தை அழுததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கதை கேட்டு அழுவது நல்ல மனசுக்கு அடையாளம். பையனின் கேள்விதான் முக்கியம். யானை செத்தது அவனுக்குத் தெரிந்தது. ஏன் செத்தது என்பது தெரியவில்லை. மரத்தை வெட்டினால் யானை எதற்குச் சாக வேண்டும்? கதை அதைச் சொல்லவில்லை. காரணம் தெரியாத சாவு குழந்தையை அச்சுறுத்தத்தான் செய்யும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: இழப்பைச் சொல்வதற்கு முன்னால், ஒரு உயிருக்கு அந்த இடம் என்ன தருகிறது என்று நிதானமாகக் காட்டிவிட வேண்டும்.

இருவாச்சிப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். மரங்கொத்திபோல அதனால் மரத்தைக் குடைந்து பொந்து செய்ய முடியாது. வயதான, பருத்த மரத்தில் தானாக உண்டான பெரிய பொந்துதான் அதற்கு வேண்டும். பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே சிறகுகளை உதிர்த்துவிடுவதால் பறக்கவும் முடியாது. ஆண் பறவை காடெல்லாம் அலைந்து அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே வரவழைத்து, அந்தக் கீறல் வழியாக ஊட்டுகிறது. மாதக்கணக்கில் இப்படி.

இதை மட்டும் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லலாம். ஆண் பறவை ஒருநாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தப் பெரிய மரம் போய்விட்டால், சுற்றியுள்ள அத்தி மரங்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

அப்புறம், மரக்கன்று. உங்கள் உறுத்தல் நியாயமானது. நட்ட கன்று பருத்து, அதில் இருவாச்சி நுழைகிற அளவுக்குப் பொந்து விழுவதற்குள் உங்கள் மாணவர்கள் தாத்தா பாட்டி ஆகிவிடுவார்கள். கன்று நடுவது நல்ல காரியம்தான். ஆனால் நிற்கிற காட்டைக் காப்பதற்கு அது ஈடாகாது. எல்லா இடத்துக்கும் பொருந்தவும் செய்யாது. வெளிமானும், கானமயில் என்கிற பெரிய பறவையும் திறந்த புல்வெளியில் வாழ்பவை. அங்கே போய் வரிசையாக மரம் நட்டால் அவற்றின் வீட்டைத்தான் கெடுக்கிறோம். கன்று நட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிகிற கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. வெட்டினால் என்ன, மறுபடி நட்டுக்கொள்ளலாமே என்று குழந்தை நினைத்துவிடும்.

கோடாரியோடு வருகிற கெட்டவனும் வேண்டாம். உங்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் அப்பா ஜேசிபி ஓட்டுபவராக இருக்கலாம். காடு பெரும்பாலும் சாலைக்கும் அணைக்கும் தோட்டப் பயிருக்கும் வீட்டுமனைக்கும்தான் போகிறது, அதாவது நம் எல்லோருடைய தேவைக்கும். மனிதர்கள் மாறவும் செய்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தில் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் நியிஷி மக்கள் தலையணியில் இருவாச்சியின் அலகைச் செருகுவது வழக்கம். இன்று பலர் கண்ணாடியிழையில் செய்த அலகை அணிகிறார்கள். முன்பு வேட்டைக்குப் போனவர்களில் சிலர், 2011-12 வாக்கில் தொடங்கிய ஒரு திட்டத்தில் கூடுகளுக்கே காவல் இருக்கிறார்கள். வேட்டைக்காரர் அதே மரத்தடிக்குக் காவலராக வந்து நிற்பதைவிட நல்ல கதை நமக்கு எங்கே கிடைக்கும்?

எல்லா மிருகமும் சாகுமா என்று கேட்ட பையனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சில அழிந்தேவிட்டன, சில ஆபத்தில் இருக்கின்றன, பலவற்றைக் காப்பாற்ற ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மரணத்தைக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

உங்கள் யானைக் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திருப்பிச் சொல்லுங்கள். கூட்டத்தை நடத்திப்போவது மூத்த பெண் யானை. கோடையில் தண்ணீர் எங்கே இருக்கும், எந்த வழியில் போக வேண்டும் என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கிறது. இந்த வருஷம் அந்த வழியின் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை. கதையை அங்கே நிறுத்திவிட்டு, யானைக்கு எப்படி வழி விடலாம் என்று பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுங்கள். சிலர் பாலம் போடுவார்கள், சிலர் சாலையையே அழித்துவிடுவார்கள். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுங்கள். பிறகு கென்யாவைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே கென்யா மலையடிவாரத்தில் ஒரு நெடுஞ்சாலைக்கு அடியில் யானைகளுக்கென்றே சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். 2011 முதல் யானைகள் அதன் வழியாகப் போய்வருகின்றன.