முதலில் தேதியை எழுதி வையுங்கள்

வாசகர் சட்டக் கேள்விகள் – பதில் சொல்பவர் கடலூரில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்பங்கழி, ஏரி, காடு, மூலிகை பற்றியவை. பாகப்பிரிவினை, ஜீவனாம்சக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருளர். பிச்சாவரம் பக்கம் கழியில் இறங்கி, கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிறோம். எங்கள் குடிசைக்குப் பின்னால் கடல் தண்ணி ஏறி இறங்கும் வாய்க்கால் ஒன்று உண்டு. பொங்கல் கழிந்து ஜேசிபி வந்தது. இரண்டு கரையிலும் இருந்த சுரபுன்னையைப் பிடுங்கிப் போட்டு வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள். இறால் குட்டை போடப் போகிறார்களாம். "பட்டா நிலம், கேட்க நீ யாரு" என்கிறார்கள். தாலுகா ஆபீசில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. வக்கீலுக்குக் கொடுக்கவும் கையில் காசில்லை.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கிள்ளை அருகில்

பதில்: அம்மா, "பொங்கல் கழிந்து" என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். பொங்கல் கழிந்து எத்தனையாவது நாள்? உங்கள் கடிதம் கைக்கு வந்தபோது மே மாதம் முடியப் போகிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 14-இன்படி, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதைத் தாண்டினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. தாலுகா ஆபீசில் உங்கள் மனு கிடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. ஜூலை நடுவுக்குள் உங்கள் மனு சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏரிக்கரை ஊரிலிருந்து வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஏரியை ஒட்டிச் செம்மண் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள், நிறுத்த வேண்டும் என்றார்கள். அதிகாரிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். "பதில் வரட்டும், பார்த்துக்கொண்டு மேலே போகலாம்" என்று சொன்னது நான்தான். பதில் வரவில்லை. அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், காரணம் காட்டினால் மேலும் 60 நாள் என்று அதே சட்டத்தின் பிரிவு 16 சொல்கிறது. நாங்கள் தீர்ப்பாயத்துக்குப் போனபோது 90 நாள் கடந்து 11 நாள் ஆகியிருந்தது. குவாரி சரியா தவறா என்ற பேச்சே எழவில்லை. திரும்பி வரும்போது வேனில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்றிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் தேதியைத்தான் கேட்கிறேன்.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். ஜேசிபி வந்த நாள், மரம் பிடுங்கிய நாள், கடைசி லோடு மண் கொட்டிய நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நாள் மறந்துபோனால் கேலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள். அமாவாசையா, தேய்பிறையா, அன்று தண்ணி ஏறி இருந்ததா என்பதெல்லாம் கழியில் இறங்குகிறவர்களுக்கு நினைவில் இருக்கும். அதை வைத்தே தேதியைப் பிடித்துவிடலாம்.

பிறகு போட்டோ. மண் மேட்டை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர் மண்ணோ என்பார்கள். மாறாத ஒன்று, கோயிலோ மின்கம்பமோ, அதே படத்தில் தெரிய வேண்டும். தண்ணி ஏறும்போது ஒரு தடவை, வற்றியபின் ஒரு தடவை எடுங்கள். வற்றிய சேற்றுக்குக் கிட்டே குனிந்து எடுங்கள்: பென்சில் நட்டு வைத்தது போல நிற்கும் வெண்கண்டலின் மூச்சு வேர், கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை வேர், நண்டு வளை, அதன் வாயில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் சேறு. மண் விழுந்த பக்கத்தில் இவை இருக்காது, விழாத பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் பிடித்துவிட்டால், இது காய்ந்த பட்டா நிலம் இல்லை, கடல் தண்ணி வந்து போகிற இடம் என்று அந்த நண்டு வளையே சாட்சி சொல்லும். போனில் இருப்பிடம் காட்டும் வசதியை ஆன் செய்து எடுங்கள். படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் தேதி விவரம் போய்விடும். மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

மூன்றாவதாக நிலக் கணக்கு. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் ஊர்க் கணக்கு) புல வரைபடத்தையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் பட்டா வாதம் அங்கேயே முடிந்தது. காப்புக்காடு என்று இருந்தால் வனச்சரகருக்கு எழுதுங்கள், அது வனக்குற்றம். உண்மையிலேயே பட்டா என்றாலும் அசர வேண்டாம். சுரபுன்னையும் வெண்கண்டலும் நிற்கும் அலையாத்திக் காடு, மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகையில், மிக உயர்ந்த பாதுகாப்பில் இருக்கிறது. நிலம் யார் பேரில் இருந்தாலும் மரத்தைப் பிடுங்கிக் கழியைத் தூர்க்க உரிமை கிடையாது. அரசு நிலத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால், சுற்றிலும் 50 மீட்டரைச் சேர்த்தே காக்க வேண்டும். போதாததற்குப் பிச்சாவரம் 2022-இல் ராம்சர் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது.

இதையெல்லாம் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். கடற்கரை மண்டல மாவட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீதும் நோட்டில் ஒட்டப்பட வேண்டும்.

இறால் குட்டை என்றால், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் நடத்த முடியாது. பதிவு இருக்கிறதா என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலுக்காக மட்டும் தீர்ப்பாய மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனிப் பணம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 12-ஐப் படித்துச் சொல்கிறேன்: பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். பழங்குடி என்பதாலும் உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வர முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு பிடிக்காது. அது தயவு இல்லை, உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நஷ்டஈடும், கழியைப் பழையபடி ஆக்கித் தருவதும் கேட்பதானால் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 15. அதற்கு 5 வருஷம் வரை நேரம் உண்டு, கட்டணக் கணக்கு வேறு. ஆனால் வேலையை உடனே நிறுத்தத் தடை வாங்க வேண்டும் என்றால் இப்போதே போக வேண்டும்.

"கேட்க நீ யாரு" என்றார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. கீழத்தஞ்சைப் பக்கம் இறால் பண்ணைகளால் நெல்வயலும் குடிநீரும் உப்பாய்ப் போனபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, கடற்கரை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்றது. 2005-இல் வந்த புதுச் சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு இடம் கொடுத்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வழக்கைப் போட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. நீங்களோ அந்தத் தண்ணியில் தினமும் கழுத்தளவு நிற்கிறவர்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பா நாட்டு வைத்தியர். ஒரு கம்பெனி ஏஜென்ட் வந்து மூலிகைகளை மூட்டை மூட்டையாக வாங்குகிறார். எதை எதற்குக் கொடுப்பீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறார். இதைத் தடுக்கச் சட்டம் உண்டா?
– வாசகர், பண்ருட்டி வட்டம்

பதில்: உண்டு. உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002. இதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும்: ஊரில் என்ன செடி, எந்த விதை, எந்த மாடு, உள்ளூர்ப் பெயர் என்ன, யாருக்கு அதன் பயன் தெரியும். வியாபாரத்துக்காக எடுத்துப் போகிறவரிடம் கட்டணம் வசூலிக்கவும் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது.

பல ஊர்களில் இந்தக் குழு காகிதத்தில்தான் இருக்கிறது. நான் புரட்டிய ஒரு பதிவேட்டில் வேம்பு, புங்கை, துளசி என்று எல்லா ஊருக்கும் பொருந்துகிற பெயர்கள்தான் இருந்தன. அந்த ஊர்க் கிழவிகள் யாரையும் உட்காரவைத்துக் கேட்ட அடையாளமே இல்லை. வருத்தமாக இருந்தது. அடுத்த கிராமசபையில் (மே 1 போனால் ஆகஸ்ட் 15) எழுந்து நின்று, குழு உறுப்பினர் யார், பதிவேடு எங்கே என்று கேளுங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, இதில் இருந்த சிறைத் தண்டனை போய் அபராதம் மட்டும் நிற்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. இருந்தாலும் இருக்கிற சட்டத்தைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

உங்கள் அப்பா செடி பறிக்க, மருந்து கொடுக்க எந்தத் தடையும் இல்லை. வைத்தியர்களுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஏஜென்ட் யார், எந்தக் கம்பெனிக்கு, எவ்வளவு எடை, என்ன விலை என்று மட்டும் எழுதிக்கொண்டு, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். செய்முறையை இனிச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வேப்பெண்ணெய்க்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை ரத்து செய்ய 2005 வரை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: ஊசுட்டேரிக்கு வரும் வாய்க்காலை மனைப்பிரிவுக்காக அடைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் கேட்டால் தமிழ்நாட்டு எல்லை என்கிறார்கள், அங்கே கேட்டால் இங்கே கையைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், வில்லியனூர்

பதில்: இந்த ஏரியின் தலையெழுத்தே இதுதான். தண்ணிக்கு எல்லை கிடையாது, அதிகாரிக்கு உண்டு. அடைத்த இடத்தின் சர்வே எண் எந்தப் பக்கம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007-ஐக் காட்டலாம். அந்தச் சட்டம் புதுச்சேரிக்குச் செல்லாது. சிலர் தெரியாமல் அதையே மேற்கோள் காட்டி மனு எழுதித் தள்ளுபடி வாங்குகிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவையும் உண்டு. ஏரி இரு பக்கமும் பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்குள் வரும் தண்ணியைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் தடுக்கவோ திருப்பவோ கூடாது என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 29 சொல்கிறது. இரு பக்க வனத்துறைக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். பொதுத் தொல்லை என்று நிர்வாக நடுவரிடமும் போகலாம்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. கடைசியில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னை உயர் நீதிமன்றமும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். மனுவில் இரண்டு அரசையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டால் கையைக் காட்ட ஆள் இருக்காது.

கேள்வி: மணல் லாரியைப் பற்றி மனு கொடுத்தேன். மறுநாளே வீட்டு வாசலில் வந்து மிரட்டினார்கள். என் பெயர் எப்படிப் போனது? இனி என்ன செய்ய?
– வாசகர், பெண்ணையாற்றங்கரை

பதில்: தம்பி, இனித் தனியாக ஒரு மனுவிலும் கையெழுத்துப் போடாதே. பத்துப் பேர், அதில் பாதி பெண்கள், வரிசை எண் போட்டுக் கையெழுத்திடுங்கள். மிரட்டியவர்கள் வந்த நேரம், வண்டி எண், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர், இவற்றை எழுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் எழுந்து வராதே. வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு, அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ராத்திரியில் லாரியைப் படமெடுக்கத் தனியாக ஆற்றில் இறங்காதே. உன் ஊர்ச் சட்ட உதவி மையத்தில் விஷயத்தைச் சொல்லி வை. அடுத்த கடிதத்தில் ரசீதின் எண்ணையும் தேதியையும் எனக்கு எழுது.