காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"செங்கோட்டையில் இருக்கிறோம். மகனுக்கு 12 நாள். கொடி விழுந்த தொப்புளில் லேசான ஈரம், காலையில் கண்ணில் பீளை, மார்பு வீக்கம், மூக்கில் வெள்ளைப் புள்ளிகள். பால் நன்றாகக் குடிக்கிறான். கூகுளில் படித்ததிலிருந்து கிருமித்தொற்றோ என்று மணிக்கொருமுறை காய்ச்சல் பார்க்கிறேன். மூத்தவளின் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து மிச்சமிருக்கிறது, கொடுக்கலாமா? புனலூரிலிருந்து வந்த மாமியார் தேனில் வயம்பு (வசம்பு) உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்."

காய்ச்சலை மட்டும் பார்ப்பதுதான் தப்பு. பச்சைப்பிள்ளைக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் பல சமயம் காய்ச்சலே வராது, உடம்பு சில்லிட்டுப்போகும். பெரும்பாலும் முதலில் குறைவது பால்தான். நேற்றுவரை இழுத்துக் குடித்தவன் காம்பை வாயில் வைத்தும் சப்பாமல் கிடக்கிறானா? துணியை விலக்கி, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி, மறுபடி மார்பில் போடுங்கள். அப்போதும் குடிக்காவிட்டாலோ துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மூச்சையும் எண்ணுங்கள். அழாதபோது, சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம். இந்த வயதில் மூச்சு சீராக ஓடாது. பத்து விநாடி எண்ணிப் பெருக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு முறை எண்ணியும் 60 அல்லது அதற்கு மேல் வந்தால், விலாவுக்குக் கீழே நெஞ்சு ஆழமாக உள்வாங்கினால், வலிப்பு வந்தால், இதில் எது ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ, அல்லது 35.5-க்குக் கீழோ இருந்தாலும் அதே அவசரம். 108 ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டுப் புளியரையிலும் எல்லை தாண்டிய கேரளத்து ஆரியங்காவிலும் ஒரே எண்தான். வழியில் பிள்ளையை உங்கள் வெறும் நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மிச்ச மருந்தை இன்றே தூக்கிப் போடுங்கள். இந்த வயதுத் தொற்றுக்கு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும். வீட்டில் கொடுக்கும் சொட்டு நோயைத் தீர்க்காமல் அடையாளத்தை மட்டும் மறைக்கும். அதன்பின் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். பிறகு எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் தடுமாற வேண்டியதுதான்.

புள்ளிகள் தானே மறையும். மார்பு வீக்கம் உங்கள் ஹார்மோனால் வந்தது. பால் கட்டியிருக்கிறதென்று யாரும் பிதுக்க விடாதீர்கள், சீழ்க்கட்டியாகலாம். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், கண்ணுக்குக் கண் புதுப் பஞ்சு. கண் சிவந்து இமை வீங்கினால் அன்றே காட்டுங்கள். தொப்புளில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். துடைத்து உலரவிட்டு, நாப்கினை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சுற்றியுள்ள தோலில் சிவப்பு படர்ந்தாலோ சீழ் நாறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தேனில், பிள்ளையின் தசைகளை முடக்கும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயது முடியும்வரை கூடாது. உரைகல்லிலும் விரலிலும் இருக்கும் அழுக்கு நேரே நாக்குக்குப் போகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிள்ளையைத் தூக்குமுன் சோப்புப் போட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கைகழுவ அவரையும் பழக்குங்கள். வருகிறவர்களை அவரே தடுத்துக் கழுவச் சொல்வார்.