மாலையில் தடாகம் பக்கம் சைக்கிள்: கேள்வி பதில்

கோவையில் வேலை முடிந்ததும் மேற்கே தடாகம் என்ற ஊர்ப்பக்கம் மலையடிவாரத்துக்குச் சைக்கிளில் போக விரும்புகிறவர்கள் கேட்டவை இவை. அந்தச் சாலைகளில் வருடக்கணக்காக மிதிக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, பீளமேட்டில் ஆபீஸ். ஐந்தரைக்கு விடுவார்கள். ஆனைகட்டி போய்த் திரும்ப முடியுமா?

வேண்டாம்மா. கோவையிலிருந்து ஆனைகட்டி சுமார் 30 கிலோமீட்டர். மாங்கரை தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் சாலை. நீங்கள் மேலே போய்ச் சேரும்போதே இருட்டிவிடும், இறங்குவது முழு இருட்டில். அருமையான ஏற்றம்தான், ஆனால் அதை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாளுக்கு என் வழி இதுதான்: இடையர்பாளையம், கணுவாய், சோமையனூர், சின்னத்தடாகம். அங்கே வலது பக்கம் பிரிந்து வரப்பாளையம், பன்னிமடை வழியாகத் துடியலூர்.  மூன்று பக்கமும் மலை தெரியும், காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை.

எத்தனை கிலோமீட்டர் போனதும் திரும்ப வேண்டும்?

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். ஜூலை தொடக்கத்தில் கோவையில் சூரியன் மறைய 6.50 ஆகும். நவம்பர் கடைசியில் ஆறுக்கு முன்னாடியே மறைந்துவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். ஜூலையில் நிதானமாகச் சுற்றிய அதே வழி நவம்பரில் பாதியிலேயே இருண்டுவிடும். நம் பக்கம் அந்தி நீளாது. சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் போலத்தான் சாலை நன்றாகத் தெரியும். போதாததற்கு மலை மேற்கே இருக்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய், பள்ளத்தாக்கு முழுக்க நிழல் விழுந்துவிடும். அந்த நிழல் விழுந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். குளிர்கால மாதங்களில் கணுவாய் வரை போய் வந்தாலே போதும், அதுவும் நல்ல பயணம்தான்.

ஜூன் மாதம் போனால் சைக்கிள் நகரவே மாட்டேன் என்கிறது. டயரில் காற்று குறைவோ?

டயரையும் பாருங்கள், ஆனால் காரணம் பாலக்காட்டுக் கணவாய், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய இடைவெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக நம் ஊருக்குள் பாயும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். அதனால் போகும்போது வேகத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கைகளை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, ஒரு கியர் குறைத்து மிதியுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் மாறி மாறி முன்னால் போகலாம். பின்னால் வருபவருக்குப் பாரம் நன்றாகவே குறையும்.

எனக்கு 48 வயது. ஏற்றத்தில் முழங்கால் வலிக்கிறது. விட்டுவிடலாமா, சார்?

வலி வீக்கத்தோடு இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தாழ்வாக வைத்திருப்பார்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம் சரி. அடுத்தது கியர். கனமான கியரில் அழுத்தி ஏறுவதுதான் முழங்காலைக் கெடுக்கும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்திலும் 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தாலும் மணிக்கு 9 கிலோமீட்டர்கூட வராது. வரவே வேண்டாம். அந்த வேகத்தில் ஏறுங்கள். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவில் இருக்கட்டும்.

காலேஜ் படிக்கிறேன். என்னிடம் கியர் இல்லாத சைக்கிள்தான். வரலாமா அண்ணா?

தாராளமாக வா தம்பி. தடாகம் சாலை மெல்ல ஏறுகிற சாலைதான். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளு. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றிவிட்டு வா.

யானை வந்தால்?

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தடாகம் பள்ளத்தாக்கில் காட்டிலிருந்து இறங்கி வாழை, சோளம் இருக்கும் தோட்டங்களுக்கு யானைகள் வரும். பொழுது சாயும் நேரம்தான் அவை கிளம்பும் நேரம். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வர முடியும், ஏற்றத்தில் நம்மால் அதில் பாதிகூட முடியாது. தூரத்தில் பார்த்ததும் நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், லைட்டை அதன் மேல் அடிக்காதீர்கள், போன் எடுக்காதீர்கள். சத்தமில்லாமல் திருப்பி வந்த வழியே போங்கள். தோட்டக்காரர் யாராவது "இன்னைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால், ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள். நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். கூட்டத்தில் குட்டி இருந்தால் இன்னும் விலகி இருக்க வேண்டும்.

இறக்கத்தில் எந்த பிரேக்?

இரண்டும். வேகத்தைக் குறைப்பது முக்கியமாக முன் பிரேக்தான், ஆனால் வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள்; வளைவுக்குள் மணல் கிடந்தால் முன் சக்கரம் வழுக்கும். குறுகலான மலைச் சாலையில் ஏறி வருகிற வண்டிக்கே முதல் உரிமை, ஒதுங்கி விடுங்கள். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் இரண்டும் வெயில் இருக்கும்போதே எரியட்டும்.

கிளம்பும் முன் என்ன சாப்பிட?

நாலு மணிக்கு ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கடலை. ஒரு பாட்டில் தண்ணீர். ராத்திரிச் சாப்பாட்டை வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற்றம் ஏறக் கூடாது.