பிழையான இலக்கம் என்று சொன்ன தோழி

கேள்வி: நானும் அவளும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவளுடைய குடும்பம் 2002இல் வெள்ளவத்தைக்கு வந்து குடியேறியது. நான் 2007 ஏப்ரலில் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்பு வந்து, வேலை தேடிக்கொண்டு ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். போர்க்காலக் கொழும்பில் வெளியூர்த் தமிழர் தங்குவதற்கு வேண்டியிருந்த பொலிஸ் பதிவைத் தங்கள் வீட்டு முகவரியில் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாள். இன்று நாளை என்று தள்ளிப்போனது. ஜூன் 7 விடியற்காலையில் பொலிஸார் லொட்ஜுக்கு வந்து, சாமான்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். கொழும்பில் யாரைத் தெரியும் என்று கேட்ட அதிகாரியிடம் அவளுடைய வீட்டு இலக்கத்தைக் கொடுத்தேன். அவர் அழைத்து என் பெயரைச் சொன்னார். மறுபக்கம் பேசிய அவளுடைய குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “பிழையான இலக்கம்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் சிங்களம் பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை. வவுனியாவில் இறக்கிவிடப்பட்டேன். சில நாட்களில் கொழும்புக்குத் திரும்பிவிட்டாலும் அவளைத் தேடிப் போகவில்லை. 2009இல் அவள் லண்டனுக்குப் போய்விட்டாள். இப்போது தாயாரின் வீட்டை விற்க வருகிறாள். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் என் இலக்கத்தை எடுத்து, “உன்னைப் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறாள். முகத்துக்கு நேரே கேட்டுவிடவா, அல்லது பேசாமல் விட்டுவிடவா?
— வாசகி, தெஹிவளை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போய்ப் பாருங்கள். ஆனால் நீங்கள் கேட்க நினைத்திருக்கும் கேள்வியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேறொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் ஏழு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். சுருக்கியபோது விடுபட்ட இரண்டு செய்திகளில்தான் என் பதில் முழுவதும் தங்கியிருக்கிறது.

அதற்கு முன் அந்த விடியற்காலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று 25 வயதில் இதை வாசிப்பவர்களுக்கு உங்கள் வழக்கு ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றிய சின்ன மனத்தாங்கலாகத் தோன்றக்கூடும். அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள், நகரத்தில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லப்பட்டு, பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் 10ஆம் திகதி அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அது தவறு என்று ஏற்று வருத்தம் தெரிவித்தார். அரசாங்கமே மூன்றாம் நாள் வாய் திறந்து சொன்ன ஒன்றை, ஒரே வாங்கில் உங்களோடு இருந்து படித்தவள் 18 ஆண்டுகளாகச் சொல்லவில்லை. உங்கள் நெஞ்சில் கனப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி விடுபட்ட முதலாவது செய்தி. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அவர்களுடைய வீட்டில் இடவசதி போதாது என்று சொல்லவந்த இடத்தில், “அவளுடைய தம்பியும் அப்போது ஊரிலிருந்து வந்து அங்கேதான் இருந்தான், அவனுக்கு 19 வயது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 2007இல் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையுடன் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்த வீடு எப்படி மூச்சுவிட்டது என்பது அந்த நாட்களில் கொழும்பில் இருந்த எவருக்கும் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அன்று ஒருவரை மூன்று மூன்று மாதங்களாக நீடித்து 18 மாதங்கள் வரை வழக்கின்றித் தடுத்துவைக்கக்கூடியதாக இருந்தது. அதற்கு மேல் அவசரகால விதிகளும் நடைமுறையில் இருந்தன. எங்கள் வீட்டில் எல்லோருடைய அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரு துணிப்பையில், வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. இரவில் மணி அடித்தால் அம்மா முதலில் அந்தப் பையைக் கையில் எடுப்பார். பிறகுதான் மின்விளக்கைப் போடுவார். யாராவது வந்தால் எத்தனை பேர், என்ன பெயர், என்ன உறவு என்று தடுமாறாமல் சொல்ல எங்களைப் பழக்கியும் வைத்திருந்தார். அப்படிப் பழக்கப்பட்ட வீட்டில், விடியாத நேரத்தில், பொலிஸ் அதிகாரி ஒருவர் சிங்களத்தில் ஒரு பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதாக இருந்திருக்கும்.

இதைச் சொல்வதால் அவள் செய்தது சரியாகிவிடாது. உங்களைப் பதிவதாக ஒப்புக்கொண்டவள், முடியாது என்றாவது காலத்தோடு சொல்லியிருந்தால் நீங்கள் வேறொரு வீட்டைத் தேடியிருப்பீர்கள். இன்று நாளை என்று அவள் இழுத்ததுதான் உங்களை அந்த லொட்ஜில் வைத்திருந்தது. அந்தக் குற்றம் அவளுடையது. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி “ஏன் அப்படிச் சொன்னாய்” என்று கேட்டால் கிடைக்கப்போகும் பதில் உங்களுக்கு இப்போதே தெரியும். பயம் என்பாள். அது உண்மையாகவும் இருக்கும். 18 ஆண்டுகள் காத்திருந்து, முன்பே தெரிந்த ஒரு பதிலை வாங்கிக்கொண்டு நீங்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது மறுநாளைப் பற்றி. ஜூன் 8ஆம் திகதி வானொலியில் செய்தி வந்தது. நீங்கள் வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டதை அவள் அறியாமல் இருந்திருக்க முடியாது. பலர் திரும்பி வருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அந்த லொட்ஜ் அவளுடைய வீட்டிலிருந்து பத்து நிமிட நடை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை அவள் ஏன் நடக்கவில்லை? அந்த வாரத்தில் இல்லாவிட்டால் அந்த மாதத்தில் ஏன் வரவில்லை? விடியற்காலை ஐந்து மணிக்குப் பயம் பேசியிருக்கலாம். அடுத்து வந்த நாட்களில் பேசாதிருந்தவள் அவள்தான், அதற்குப் பயத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. “அன்றைக்கு நீ சொன்னதை நான் விளங்கிக்கொள்கிறேன், அதற்குப் பிறகு ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவளிடம் ஆயத்தமான விடை இருக்காது. யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது செய்தி உங்களைப் பற்றியது, அதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் தொடுகிறேன். 2008இல் ஒருநாள் நீங்கள் வேலை செய்த இடத்துக்கு அவள் தொலைபேசியில் அழைத்ததாகவும், குரலைக் கேட்டதும் நீங்கள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டதாகவும் ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறீர்கள். ஆனால் வாசிக்கக்கூடிய அளவுக்கு மெல்லிய கோடு. நீங்கள் வைத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காயம் பட்டு ஓராண்டு கூட ஆகாத நிலையில் வேறு எவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவள் வரவேயில்லை, ஒரு வார்த்தை கேட்கவேயில்லை என்ற நினைப்பின் மேல் நீங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கட்டிவைத்த கோபத்தில் அந்த அழைப்புக்கு இடமில்லாமல் போய்விட்டது. அன்று அவள் என்ன சொல்ல எடுத்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே அவளைச் சந்திக்கும்போது அந்த அழைப்பை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். அவள் சொல்லி நீங்கள் ஒப்புக்கொள்வதாக ஆகிவிட்டால் பேச்சு அந்த இடத்திலேயே சண்டையாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் இதைத் தொடங்க வேண்டாம். நள்ளிரவில் எழுதிய நீண்ட செய்தியும் அதற்கு அவள் அனுப்பும் அழுகைப் படமும் இந்த விடயத்துக்குப் போதாது. “வா, பார்க்கலாம்” என்று மட்டும் பதில் எழுதுங்கள். பேசத் தொடங்கும்போது அவளைக் கேட்பதற்கு முன் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அந்த பஸ்ஸில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான பெண் மருந்துப் பையை லொட்ஜிலேயே விட்டுவிட்டு வந்ததை நினைத்து வழிநெடுக மடியைத் தடவித் தடவிப் பார்த்ததையும், உங்கள் கையில் தோய்த்துக் காயாத ஒரு சட்டை மட்டும் பிழிந்தபடி இருந்ததையும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை அவளுக்குச் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல், நடந்தது நடந்தபடி.

“எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை” என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம். “எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தன் வாயால் உங்களை இரண்டாவது முறையும் தெரியாது என்று சொன்னவளோடு உங்களுக்கு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை; அப்போது நிம்மதியாக விட்டுவிடலாம். ஆனால் பார்க்க வேண்டும் என்று வலிய எழுதியவள் அப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டை விற்கும் அலுவலுக்கு உங்களைப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அவள் மன்னிப்புக் கேட்டால் அந்த இடத்திலேயே “பரவாயில்லை” என்று சொல்லிவிடாதீர்கள். நம்மவர்களுக்கு அந்தச் சொல் நாக்கின் நுனியில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் அழுதால் தானாக வந்துவிடும். கேட்டுக்கொண்டேன், யோசிக்க வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மன்னிப்பதால் பழைய சிநேகிதம் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் கணவர் சொல்வதுபோல் எல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடக் கூடியதாக இருந்திருந்தால், இத்தனை ஆண்டுகளாக அவளுடைய வீட்டு ஒழுங்கைக்குள் போகாமல் காலி வீதியால் சுற்றிப் போயிருக்க மாட்டீர்கள்.

சந்திப்பை அவளுடைய தாயாரின் வீட்டில் வைக்க வேண்டாம். அந்தத் தொலைபேசி இருந்த கூடத்தில் உட்கார்ந்து உங்களால் பேச முடியாது. உங்கள் வீட்டிலும் வேண்டாம். தேநீர், பிள்ளைகள், நலம் விசாரிப்பு என்று நேரம் போய்விடும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம், தண்டவாளத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கக்கூடிய இடமாகப் பாருங்கள். இப்படியான பேச்சை நேருக்கு நேர் இருந்து பேசுவதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேசுவது இருவருக்கும் எளிது. உங்களுக்கு அது பழக்கமும்கூட. ரயில் வரும்போது பேச்சு நின்றுபோகும், அந்த இடைவெளியும் நல்லதுதான். ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள். ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். எழுந்து வரும்போது காலி வீதி வரைக்கும் ஒன்றாக நடப்பதா, அவரவர் வழியில் போவதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.